காவல் நிலையமும் நாமும்: வாசகர் கேள்வி – பதில்

காவல்துறை பற்றிய கேள்விகளை அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். பேராக்கின் ஒரு தோட்டப்புறச் சிறுநகரிலிருந்து வந்த கடிதங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருந்ததால், இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறோம். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோயில் திருவிழாக் கணக்கில் குறை கேட்கும்போதுகூடத் தம் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லும் வாசகர்கள் இவர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் போலீசுக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைக்கச் சொல்லிப் பெரிய போராட்டம் நடந்தது, இங்கேயும் அப்படிச் செய்தால்தான் புத்தி வரும் என்று கோலாலம்பூரில் வேலை செய்யும் என் மகன் சொல்கிறான். எங்கள் தாமானில் மோட்டார்கள் காணாமற்போய்க்கொண்டே இருக்கின்றன. இன்னும் இரண்டு போலீஸ்காரர்களைக் கூடுதலாக அனுப்பினால் தேவலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யார் சொல்வது சரி?
– பணி ஓய்வுபெற்ற மண்டோர்

பதில்: உங்கள் மகன் சொல்லும் போராட்டம், 2020 மே 25ஆம் நாள் மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தை ஒரு போலீஸ் அதிகாரி முழங்காலால் அழுத்திக் கொன்றதைத் தொடர்ந்து வெடித்தது. அந்நாட்டில் போலீஸ் என்பது பெரும்பாலும் அந்தந்த ஊருக்குச் சொந்தம். ஏறக்குறைய 18,000 தனித்தனிப் போலீஸ் அமைப்புகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு நகர மன்றமே சம்பளம் கொடுக்கிறது என்பதால், தான் கட்டும் வரியில் எவ்வளவு போலீசுக்குப் போகிறது, எவ்வளவு நூலகத்துக்கும் மருந்தகத்துக்கும் போகிறது என்று பார்த்து, ஒரு நகரவாசி தன் மன்ற உறுப்பினரிடம் நேரில் போய்ச் சண்டை போட முடியும். போராடியவர்களில் பலர் கேட்டதும் போலீசே வேண்டாம் என்பதன்று. மனநோய், குடி, வீடின்மை போன்றவற்றுக்குத் துப்பாக்கி ஏந்தியவரை அனுப்பாமல், அந்தப் பணத்தில் வேறு ஆள்களை வையுங்கள் என்பதே. ஒரிகான் மாநிலத்தின் யூஜீன் நகரில் 1989 முதல் முப்பதாண்டுகளுக்கும் மேலாக, இத்தகைய அழைப்புகளுக்கு ஒரு மருத்துவ உதவியாளரும் ஓர் ஆலோசகரும் வேனில் போய்வந்தார்கள்.

முடிவு என்னவாயிற்று என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம் 2020இல் போலீஸ் நிதியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கவும் வேறு துறைகளுக்கு மாற்றவும் தீர்மானித்தது. மறு ஆண்டே, மாநிலச் சட்டத்தின் நெருக்குதலால், நிதியைத் திருப்பிக் கொடுத்தது. மினியாபோலிஸ் நகரிலேயே, போலீஸ் துறையை நீக்கிவிட்டுப் பொதுப் பாதுகாப்புத் துறை ஒன்றை அமைக்கலாமா என்று 2021 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது, பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். உங்களைப் போலவே, வாசலில் நிற்கும் வண்டி காலையிலும் அங்கேயே நிற்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்களில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

மலேசியாவில் இந்தச் சண்டையைப் போடுவதற்குரிய இடமே வேறு. நம் காவல்துறை கூட்டரசுக்கு உட்பட்டது; 1967ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின்கீழ், உள்துறை அமைச்சின் வழியாகப் பணம் பெறுவது. நம் ஊருக்கு எத்தனை போலீஸ்காரர்கள் தேவை என்பதை நகராண்மைக் கழகமோ மாநில மந்திரி பெசாரோ தீர்மானிப்பதில்லை. 2022ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 17 பில்லியன் ரிங்கிட்டாக இருந்த உள்துறை அமைச்சின் ஒதுக்கீடு, 2024ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஏறக்குறைய 19 பில்லியன் ஆயிற்று. குடிநுழைவுத் துறை, சிறைத்துறை, தேசியப் பதிவுத் துறை ஆகியவையும் இதற்குள் அடங்கும் என்றாலும், எல்லாவற்றிலும் பெரியது காவல்துறைதான்.

ஆகவே எவ்வளவு பணம் என்ற கேள்வியை விட, கொடுத்த பணத்துக்கும் நடத்தைக்கும் யார் கணக்குக் கேட்பது என்ற கேள்வியே இங்கே முக்கியமானது. அதைக் கேட்டும் பார்த்தாயிற்று. அப்துல்லா அகமட் படாவி பிரதமராக இருந்தபோது, 2004இல், முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் ஜைடின் அப்துல்லா தலைமையில் ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. 2005இல் அது கொடுத்த அறிக்கையில் 125 பரிந்துரைகள் இருந்தன. போலீஸ்காரர்களுக்குச் சம்பளத்தையும் குடியிருப்பையும் கருவிகளையும் மேம்படுத்துங்கள் என்று அந்த ஆணையம் தாராளமாகவே சொன்னது. கூடவே, போலீசின் தவறுகளை வெளியிலிருந்து விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரமுள்ள ஒரு சுயேச்சை ஆணையத்தை, அதாவது ஐ.பி.சி.எம்.சி.யை, அமையுங்கள் என்றும் சொன்னது. செலவை உயர்த்துவதும் கண்காணிப்பை உயர்த்துவதும் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்து இருந்தவை. முன்னதற்கு ஆண்டுதோறும் நிதி வந்தது. பின்னது 2019இல் மசோதாவாகி, ஆட்சி மாறி, பல் பிடுங்கப்பட்டு, வேறொரு பெயரில் 2022இல் சட்டமாகி, 2023 ஜூலை 1ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. நிதியைக் குறைத்தால் முதலில் அடிபடுவது உங்கள் தாமானின் இரவு ரோந்தாக இருக்கும். உங்கள் மகன் கோபப்பட வேண்டியது இந்தப் பதினெட்டு ஆண்டுத் தாமதத்தைப் பார்த்து.

மகன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நள்ளிரவில் சம்சு குடித்துவிட்டு ஒருவர் அரிவாளோடு லயத்து வாசலில் நின்று கத்தினால், அல்லது மனநிலை பிறழ்ந்த பிள்ளை தாயை அடித்தால், 999ஐ அழைக்கிறோம். சீருடை அணிந்த இரண்டு இளைஞர்கள் வந்து, ஆளை வண்டியில் ஏற்றித் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைப் பக்கம் கொண்டுபோகிறார்கள். 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இந்தப் பொறுப்பைப் போலீசுக்கு மட்டுமன்றிச் சமூகநல அதிகாரிக்கும் கொடுத்திருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு நம் ஊரில் ஒரு சமூகநல அதிகாரியை யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் படத்தோடு போடுகிறோம். இந்த வேலைக்கென்று தனியாக ஆளும் வண்டியும் ஒதுக்கச் சொல்வது போலீசுக்கு எதிரான கோரிக்கையன்று. அந்த இரண்டு இளைஞர்களே அதற்கு முதலில் கையெழுத்துப் போடுவார்கள்.

கேள்வி: கோயிலிலிருந்து திரும்பும்போது மோட்டாரில் வந்த இருவர் என் தாலிச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனார்கள். அன்றே ரிப்போர்ட் செய்தேன். இரண்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை. போலீசில் சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்த நேரத்துக்கு வீட்டு வேலையைப் பார்த்திருக்கலாம் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார்.
– இல்லத்தரசி

பதில்: அம்மா, நகையை விடுங்கள், உயிர் தப்பியதே பெரிது என்று ஆறுதல் சொல்ல நாங்கள் வரவில்லை, தாலிச் சங்கிலி அப்படி விட்டுவிடக் கூடியதன்று. முதலில் உங்களிடம் உள்ள புகாரின் நகலை எடுத்து, மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவரை வைத்து வரிவரியாகப் படியுங்கள். கவுண்டரில் இருப்பவர் தட்டச்சு செய்ய, நாம் பதற்றத்தில் தமிழும் மலாயும் கலந்து சொல்ல, நீளமாகச் சொன்னது நான்கு வரியில் முடிந்துவிடுவது வழக்கம். இழுத்துப் பறித்தார்கள், கழுத்தில் காயம் பட்டது என்று நீங்கள் சொன்னது, சங்கிலி காணாமற்போனதாகப் பதிவாகியிருந்தால், அதைக் குற்றமாக யாரும் துப்பறியப் போவதில்லை. அப்படி இருந்தால், எந்தக் காவல் நிலையத்திலும் முதல் புகாரின் எண்ணைக் குறிப்பிட்டு இன்னொரு புகார் செய்து திருத்திக்கொள்ளலாம். காயத்துக்கு அரசாங்க மருத்துவமனையில் மருந்து போட்டிருந்தால் அந்தச் சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கு இனிமேல் எவரும் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்தது பலருக்கும் தெரியாத ஒரு வழி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின்படி, புகார் கொடுத்தவர் தம் புகாரின் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று, புகார் கொடுத்த நிலையத்தின் பொறுப்பதிகாரியிடம் அறிக்கை கேட்கலாம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாக இருக்க வேண்டும், வழிப்பறி அப்படிப்பட்டதே. புகார் கொடுத்து நான்கு வாரம் கடந்திருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. கேட்ட நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பொறுப்பதிகாரி பதில் தர வேண்டும். விசாரணையைக் கெடுக்கக்கூடிய விவரங்களை மட்டும் அவர் விட்டுவிடலாம். பதிலே வராவிட்டால், அதை அரசாங்கத் தலைமை வழக்கறிஞரிடம் புகாராகக் கொண்டுபோக அதே பிரிவு வழி செய்கிறது.

வாய்மொழியாகப் போய்க் கேட்டால் இன்ஸ்பெக்டர் வெளியே போயிருக்கிறார் என்ற பதில்தான் வரும். ஒரு தாளில் புகார் எண், நாள், உங்கள் அடையாள அட்டை எண், 107ஏ பிரிவின்கீழ் நிலை அறிக்கை வேண்டும் என்ற ஒரே வாக்கியம், இவ்வளவு போதும். இரண்டு படி எடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். மேல் நடவடிக்கை இல்லை என்று கோப்பை மூடியிருந்தாலும் அதுவாவது உங்களுக்குத் தெரிய வேண்டும். சங்கிலி கிடைக்கும் என்று நாங்கள் வாக்குறுதி கொடுக்க முடியாது. ஆனால் அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு எல்லாரும் வீட்டு வேலையைப் பார்த்திருந்தால், அந்தத் தெருவில் குற்றமே நடக்கவில்லை என்றுதான் பதிவேடு சொல்லும். எந்தத் தெருவுக்கு ரோந்து போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் பார்ப்பதும் அந்தப் பதிவேட்டைத்தான்.

கேள்வி: சாலைத் தடுப்பில் கோப்பிக் காசு கொடுத்தால் விரைவில் விட்டுவிடுகிறார்கள். எல்லாரும் கொடுப்பதைத்தானே நானும் கொடுக்கிறேன்?
– லோரி ஓட்டுநர்

பதில்: கொடுப்பவரும் குற்றவாளியே; 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் இரு தரப்பையும் ஒன்றாகவே பார்க்கிறது. கேட்டதைப் புகார் செய்யாமல் இருப்பதும் அதே சட்டத்தில் குற்றம். சம்மனை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கும் ஐம்பது வெள்ளியும் போலீசுக்குப் போகும் நிதிதான், ஆனால் அதற்கு எந்த நாடாளுமன்றமும் கணக்குக் கேட்காது.

கேள்வி: போன மாதம் இரவில் வீட்டுக்கு வந்து என் இளைய மகனை விசாரணைக்கு என்று அழைத்துப்போனார்கள். எங்கே, எதற்கு என்று சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து வந்துவிட்டான். இனி இப்படி நடந்தால் நான் என்ன கேட்கலாம்? கேட்டால் பிள்ளையை இன்னும் அடிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய்

பதில்: உங்கள் பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2009இல் சுபாங் ஜெயா வட்டாரத்தின் தைப்பான் காவல் நிலையத்தில் ஒரு தமிழ் இளைஞர் விசாரணையின்போது இறந்ததும், பிறகு நடந்த வழக்குகளும் நம் ஊர் டீக்கடை ஒவ்வொன்றிலும் பேசப்பட்டவை. இருந்தாலும் பயத்தில் வாய்மூடி இருப்பதைவிடச் சரியான கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்பது பிள்ளைக்குப் பாதுகாப்பு.

கைதா, வெறும் வாக்குமூலத்துக்கா என்று முதலில் கேளுங்கள். கைது என்றால், காரணத்தைச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கத் தொடங்குமுன் அவர் ஓர் உறவினருக்கும் ஒரு வழக்கறிஞருக்கும் தகவல் கொடுக்க அனுமதிக்க வேண்டும். இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு. அந்தத் தொடர்பால் சாட்சியம் அழியும், உடந்தையாளர் தப்புவர் என்பது போன்ற சில காரணங்களுக்காக அதிகாரி மறுக்க இடமுண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எந்த நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள், விசாரணை அதிகாரி யார் என்று கேட்டுக் கையோடு எழுதிக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் விட வேண்டும், அல்லது மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 5ஆம் விதி. பதினான்கு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றமென்றால், முதல் முறை நான்கு நாளும் அடுத்து மூன்று நாளும்தான் தடுத்துவைக்க மாஜிஸ்திரேட் ஆணையிட முடியும். பதினான்கு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றமென்றால் ஏழும் ஏழும். நாட்டின் பாதுகாப்புக்கு எதிரான குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தின்கீழ் பிடித்தால் கணக்கு வேறு. அதில் 28 நாள்வரை போலீசே தடுத்துவைக்கலாம்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். தடுப்புக்காவல் விண்ணப்பம் மாஜிஸ்திரேட் முன் வரும் அன்று, தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் கட்டணமின்றி வாதாட முடியும். அலுவலகத்தைத் தொடர்புகொண்டு பிள்ளையின் பெயரைக் கொடுத்தால் போதும்.

மகனுக்கு ஆஸ்துமாவோ இனிப்புநீரோ இருந்தால், மருந்தையும் மருத்துவமனை அட்டையையும் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்து, கொடுத்ததற்குக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். தடுப்புக்காவல் மரணங்களில் பல, நோய்க்கு உரிய நேரத்தில் மருத்துவம் கிடைக்காததால் நேர்ந்தவை. லாக்கப்பில் வைக்கப்படுபவரை மருத்துவ அதிகாரி பரிசோதிக்க வேண்டும் என்று 1953ஆம் ஆண்டு லாக்கப் விதிகளே சொல்கின்றன. எழுபதாண்டு பழைய அந்த விதியை நிறைவேற்ற, லாக்கப்புகளில் மருத்துவ உதவியாளர்களை வைக்க வேண்டும். போலீஸ் நிதியை உயர்த்தச் சொல்லி நாங்களே கொடிபிடிக்கத் தயாராக இருக்கும் இடம் இது.

கேள்வி: போலீஸ்காரர் மேலேயே புகார் என்றால் போலீசிடமேதானே போக வேண்டும்? திருடன் கையில் சாவி கொடுத்த கதைதானே?
– இடைநிலைப்பள்ளி ஆசிரியர்

பதில்: இப்போது வெளியேயும் வழியுண்டு. முதல் பதிலில் சொன்ன சட்டத்தின்படி அமைந்த சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம், ஐ.பி.சி.சி., 2023 ஜூலை முதல் புகார்களைப் பெறுகிறது. அதன் குறைகளைச் சொல்லாமல் உங்களை அங்கே அனுப்பக் கூடாது. குற்றம் கண்டாலும் அதனால் தண்டிக்க முடியாது. போலீஸ் படை ஆணையத்துக்குப் பரிந்துரைக்க மட்டுமே முடியும். லாக்கப்பைப் பார்வையிட வேண்டுமானாலும் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டிப் பெருக்காதவர் யார்? தேசிய போலீஸ் படைத் தலைவரின் நிலையாணைகளில் அடங்கும் செயல்கள் அதன் வரம்புக்கு வெளியே விடப்பட்டிருக்கின்றன. இந்தக் குறைகளுக்காகவே வழக்கறிஞர் மன்றம் அச்சட்டத்தை எதிர்த்தது.

இருந்தும் அங்கே எழுதுங்கள் என்றே சொல்வோம். அதே கடிதத்தின் நகலைப் போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானின் நேர்மை, தர இணக்கத் துறையான ஜிப்சுக்கும், அடி உதை சம்பந்தப்பட்டது என்றால் மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் அனுப்புங்கள். ஒரே புகார் மூன்று மேசைகளில் இருக்கும்போது, ஒரு மேசையில் அது தொலைந்துபோவது கடினம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் முன்பு கம்பெனி காவலர்கள் இருந்தார்கள். இப்போது லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டோம்; இங்கே யாரும் இல்லை. நாங்களே இளைஞர்களைச் சேர்த்து ரோந்து போகலாமா? பெரியவர்கள், போலீசோடு சேராதே என்கிறார்கள்.
– இளைஞர் மன்றச் செயலாளர்

பதில்: பெரியவர்களின் தயக்கத்தைக் கேலி செய்ய வேண்டாம்; அதற்கு வயது அதிகம். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் சம்பள உயர்வும் மரியாதையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்த தமிழர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. 1948 ஜூன் 16ஆம் நாள், நமக்கு அருகிலுள்ள சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. தோட்டங்களில் சிறப்புக் காவலர்கள் நிறுத்தப்பட்டார்கள். நம் தாத்தா பாட்டிக்கு, போலீஸ் என்பது பெரிய பங்களாவுக்குக் காவல் நிற்பது, லயத்துக்குச் சோதனை போட வருவது. அந்த நினைவு பேரன்வரை வந்திருக்கிறது.

கம்பெனிக் காவலரும் உங்களைக் காக்க இருந்தவரல்லர். ரப்பர் பாலையும் பிறகு செம்பனைக் குலையையும் காக்க இருந்தவர். ஆனாலும் கேட்டில் ஓர் ஆள் இருந்தார், அவருக்கு யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும். தோட்டம் கைமாறி, மக்கள் தாமானுக்குச் சிதறியபோது அந்தச் செலவு கம்பெனியின் கணக்கிலிருந்து நீங்கியது. அரசாங்கத்தின் கணக்கில் அது சேர்ந்ததாகத் தெரியவில்லை. இதை மாவட்டப் போலீஸ் தலைவரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் எழுத்தில் கேளுங்கள்: இத்தனை குடும்பம் வந்த பிறகு இந்த வட்டாரத்துக்கு எத்தனை ரோந்து வண்டி கூடியது?

ரோந்து போகலாம், ஆனால் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பின் மூலமாக. 1975இல் தொடங்கி, இப்போது 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசிய ஒற்றுமைத் துறை நடத்தும் திட்டம் அது. அதன் தன்னார்வ ரோந்துப் படையில் பெயரைப் பதிந்துகொண்டு போங்கள். பதிவில்லாமல் தடியோடு சுற்றுவது, நாளைக்கு உங்களையே லாக்கப்பில் கொண்டுபோய் விடும். கண்ணெதிரே கடுங்குற்றம் செய்பவரைத் தனிநபரும் பிடிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. பிடித்தவுடன் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். கட்டிவைத்து அடித்துக் காணொளி எடுத்துப் பரப்புவதற்கு அந்தப் பிரிவில் இடமில்லை. வங்காளதேசத் தொழிலாளி என்பதற்காக மட்டும் ஒருவரை நிறுத்திப் பையைச் சோதிப்பதற்கும் இடமில்லை. நம் பிள்ளைகளைப் போலீஸ் அப்படி நிறுத்தும்போது நமக்கு எப்படி இருக்கிறது?

கேள்வி: எஸ்.பி.எம். முடித்த என் மகள் போலீசில் சேர வேண்டும் என்கிறாள். உறவினர்கள் சிரிக்கிறார்கள்.
– செம்பனை ஆலைத் தொழிலாளி

பதில்: சேரட்டும். காவல்துறையில் இந்தியர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. சிரிக்கிற உறவினர்கள், நம்மவர் ஒருவரும் நிலையத்தில் இல்லையே என்று நாளைக்கு அங்கலாய்க்கவும் போகிறவர்கள். கான்ஸ்டபிள் பணிக்கு எஸ்.பி.எம். தேர்ச்சி போதும், மலாய்ப் பாடம் முக்கியம். உயரம், எடை, பார்வை, ஓட்டம் ஆகியவற்றுக்குச் சோதனை உண்டு என்பதால் இன்றிலிருந்தே ஓடப் பழகச் சொல்லுங்கள். ஆள்சேர்ப்பு அறிவிப்பு வரும்போது இணையம்வழி விண்ணப்பம் செய்ய வேண்டும். முகவர் என்று சொல்லிக்கொண்டு யாராவது பணம் கேட்டால் ஒரு சென்னும் கொடுக்க வேண்டாம். மொழித்திறன் கேட்கும் இடத்தில் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்று மறக்காமல் குறிப்பிடட்டும்; கவுண்டரில் அதற்கு வேலை நிறைய இருக்கிறது.